வட்டத்தில் தெரியாத கோணம்: மையத்தின் வழியா, பரிதியின் வழியா, வில்லின் வழியா?

வட்டத்தில் தெரியாத கோணத்தைக் காணும் கணக்குகளில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் தேற்றம் தெரியாமையால் நேர்வதில்லை. தேற்றங்கள் ஐந்தாறுதான்; அவற்றை ஒப்பிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்பித்துவிடுவார்கள். படத்தைப் பார்த்தவுடன் எந்த வழியில் இறங்குவது என்று முடிவெடுப்பதில்தான் நேரமும் மதிப்பெண்ணும் போகின்றன. ஆரங்களை வரைந்து மையத்தின் வழியாகப் போகலாம். மையத்தைத் தொடாமல் பரிதியிலுள்ள கோணங்களையும் முக்கோணங்களையும் மட்டும் கொண்டு நகரலாம். அல்லது கோணங்களை ஒதுக்கிவிட்டு, அவை எதிர்நோக்கும் விற்களை அளந்து கூட்டிக் கழிக்கலாம். இம்மூன்றும் ஒரே உண்மையின் மூன்று முகங்கள் என்றாலும், ஒரு குறிப்பிட்ட கணக்கில் மூன்றும் ஒரே உழைப்பைக் கேட்பதில்லை.

அந்த ஒரே உண்மை இதுதான்: ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியின் எஞ்சிய பகுதியில் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு. முன்னதை மையக்கோணம் என்றும் பின்னதைப் பரிதிக்கோணம் என்றும் இங்கே சொல்கிறேன். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம், அரைவட்டத்தில் அமையும் கோணம் 90°, வட்ட நாற்கரத்தின் (நான்கு உச்சிகளும் வட்டத்தின் மீது அமைந்த நாற்கரத்தின்) எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்பவையெல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் நாற்கரம் நாற்பக்கலாகவும் தொடுகோடு தொடலியாகவும் பெயர் மாறி வருமே தவிர, வேலை அதேதான்.

ஒரு கணக்கை மூன்று வழிகளிலும் செய்து பார்ப்போம். ஒரு வட்டத்தின் மீது க, ச, ட, த என்னும் புள்ளிகள் இதே வரிசையில் உள்ளன. கட, சத என்னும் மூலைவிட்டங்கள் ப என்ற புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. ∠கசட = 110°, ∠கடச = 40°, ∠கபச = 95° எனில் ∠கடத எவ்வளவு? (மூன்றெழுத்துகளில் நடுவெழுத்து கோணத்தின் உச்சி.)

பரிதியின் வழியே செல்பவர் முதலில் கசட என்ற முக்கோணத்தைப் பிடிப்பார். அதில் இரண்டு கோணங்கள் தெரிந்தவை; மூன்றாவதான ∠சகட = 180° − 110° − 40° = 30°. அடுத்து கபச என்ற சிறு முக்கோணத்தில் 95°, 30° தெரிவதால் ∠கசப = 55°. இந்த ∠கசப என்பது ∠கசத தான். அது கத என்ற வில்லை எதிர்நோக்குகிறது. ∠கடத என்பதும் அதே வில்லை, அதே பக்கத்திலிருந்து எதிர்நோக்குவதால் அதுவும் 55°. மூன்று வரிகளில் விடை வந்துவிட்டது.

மையத்தின் வழியே செல்பவர் ம என்ற மையத்திலிருந்து நான்கு ஆரங்களை வரைய வேண்டும். ∠கடச 40° என்பதால் ∠கமச = 80°. ∠கசட 110° என்பதால் அது எதிர்நோக்கும் பெரிய வில்லின் மையக்கோணம் 220°. அது பின்வளைகோணம் (180° ஐ விடப் பெரிய கோணம்) என்பதைக் கவனித்தால்தான் சாதாரண ∠கமட 140° என்று கிடைக்கும். அதிலிருந்து ∠சமட = 60°. இதற்குப் பிறகு பாதை அடைபடுகிறது, ஏனெனில் ப என்ற புள்ளி மையத்திலும் இல்லை, பரிதியிலும் இல்லை. அங்குள்ள 95° ஐப் பயன்படுத்த மறுபடியும் பரிதிக்கோணங்களுக்கும் முக்கோணங்களுக்கும்தான் திரும்ப வேண்டும். படத்தில் நான்கு கோடுகள் கூடினவே ஒழிய வேறு பயனில்லை.

வில்லின் வழி சற்று வேறுபட்டது. ஒவ்வொரு வில்லுக்கும் அதன் மையக்கோணத்தில் பாதியை அந்த வில்லின் பங்கு என்று வைத்துக்கொள்வோம்; அப்படியானால் பரிதியிலுள்ள எந்தக் கோணமும் தான் எதிர்நோக்கும் வில்லின் பங்கிற்குச் சமம், வட்டம் முழுவதன் பங்கு 180°. மேற்கண்ட கணக்கில் கச வில்லின் பங்கு 40°. ∠கசட எதிர்நோக்குவது டத, தக என்னும் இரண்டு விற்களையும் சேர்த்து. ஆகவே அவற்றின் பங்குகளின் கூடுதல் 110°. எஞ்சிய சட வில்லுக்கு 180° − 40° − 110° = 30°. ப என்ற புள்ளியில் உள்ள கோணம் எதிரெதிரான கச, டத விற்களின் பங்குகளின் கூடுதல்; ஆகவே டத வில்லின் பங்கு 95° − 40° = 55°. தக வில்லுக்கு எஞ்சுவதும் 110° − 55° = 55°.

வரிகளின் எண்ணிக்கையில் பரிதி வழிக்கும் வில் வழிக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பரிதி வழியில் சென்றவரிடம் கேட்ட கோணமும், வழியில் தட்டுப்பட்ட இரண்டு கோணங்களும் மட்டுமே உள்ளன. வில் வழியில் சென்றவரிடம் 40°, 30°, 55°, 55° என்ற நான்கு எண்களும் உள்ளன. அந்தப் படத்தில் இனி எந்தக் கோணத்தைக் கேட்டாலும் அவற்றைக் கூட்டியே சொல்லிவிடலாம். டத, தக விற்கள் சமமானவை, எனவே அந்த நாண்களும் சமம், கடத இருசமபக்க முக்கோணம் என்ற செய்தியும் யாரும் கேட்காமலே வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே படத்தை வைத்து நான்கைந்து உட்பிரிவுக் கேள்விகள் வரும்போது இந்த வேறுபாடு கணிசமானது. புள்ளிகள் எல்லாம் பரிதியில் இருக்கும் கணக்குகளில் வில் வழியையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

இதற்கு மிக எளிய பயிற்சிக்களம் சுவர்க்கடிகாரம். பன்னிரண்டு எண்களும் வட்டத்தைச் சமமாகப் பிரிப்பதால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையேயான வில்லின் பங்கு 15°. 12 ஆம் எண்ணிலிருந்து 4 க்கும் 7 க்கும் கோடுகள் இழுத்தால் இடையிலுள்ள கோணம் மூன்று பங்கு, அதாவது 45°. 12 ஐயும் 5 ஐயும் இணைக்கும் நாண், 2 ஐயும் 8 ஐயும் இணைக்கும் நாணை எந்தக் கோணத்தில் வெட்டும்? 12 முதல் 2 வரை இரண்டு பங்கு, 5 முதல் 8 வரை மூன்று பங்கு. கூட்டினால் ஐந்து பங்கு, 75°. அடுத்துள்ள கோணத்தை இதே முறையில் கண்டால் 2 முதல் 5 வரை மூன்றும் 8 முதல் 12 வரை நான்குமாக ஏழு பங்கு, 105° வருகிறது. இரண்டும் சேர்ந்து 180° ஆவதால் கணக்கு சரிதான். இதையே மையத்தின் வழியாகவோ ஆயத்தொலைவுகளைக் கொண்டோ செய்து பார்ப்பவர் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்த்து நேரமாகிவிட்டதை உணர்வார்.

வட்டத்தில் ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஐந்து புள்ளிகளை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்து விண்மீன் வரைந்தால் அதன் ஐந்து முனைக்கோணங்களின் கூடுதல் என்ன என்பது பழைய கேள்வி. ஒவ்வொரு முனையும் தனக்கெதிரே உள்ள ஒரு வில்லைப் பார்க்கிறது. ஐந்து முனைகளும் சேர்ந்து ஐந்து விற்களையும் தலா ஒரு முறை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடை 180°. முக்கோணத்தின் வெளிக்கோணத்தை இரண்டு முறை பயன்படுத்தியும் இதைக் காணலாம். அந்த வழி சற்று நீளம் என்றாலும், புள்ளிகள் வட்டத்தின் மீது இல்லாதபோதும் செல்லுபடியாகும் என்பதை அதன் பக்கத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

வில் வழியிலும் குறைகள் உண்டு. உச்சி வட்டத்தினுள்ளே இருந்தால் இரண்டு பங்குகளைக் கூட்ட வேண்டும், வெளியே இருந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் கையில் இருக்க வேண்டும். நம் பள்ளிப் பாடங்களில் இவை பெரிதாகப் பேசப்படுவதில்லை. வெட்டும் நாண்களின் முனைகளை இணைத்து, முக்கோணத்தின் வெளிக்கோணம் உள்ளெதிர்க்கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்பதை எழுதினால் முதல் விதி ஒரே வரியில் கிடைத்துவிடும், இரண்டாவதும் அவ்வாறே. ஆனால் தேர்வுத்தாளில் "பங்கு" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் திருத்துபவர் ஒவ்வொரு அடிக்கும் காரணம் கேட்பார். ஆகவே விடையைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழியையும், எழுதிக்காட்டுவதற்கு இன்னொரு வழியையும் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. படத்தின் ஓரத்தில் பென்சிலால் பங்குகளைக் குறித்துக்கொண்டு விடையை அறிந்தபின், "ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம்" என்பது போன்ற காரணங்களுடன் பரிதி வழியில் எழுதுவது இரண்டின் நன்மையையும் தரும்.

மையத்தின் வழியை இதுவரை குறைத்துப் பேசியதை இப்போது ஈடுசெய்ய வேண்டும். கேள்வியிலேயே மையமோ ஆரமோ வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். க, ச, ட வட்டத்தின் மீதுள்ள புள்ளிகள்; ம மையம்; ∠மகச = 25°, ∠மடச = 35°; ∠கமட என்ன? ஆரம் நாண் ஆகாது என்பதால் வில்லின் பங்குகளை இங்கே நேரடியாக எழுத இயலாது. மச என்ற ஒரே ஒரு ஆரத்தை வரைந்தால் போதும்: இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் பிறக்கின்றன, ∠மசக = 25°, ∠மசட = 35°, இரண்டும் சேர்ந்து ∠கசட = 60°, எனவே ∠கமட = 120°.

ஆனால் இந்த விடை, மையம் ∠கசட இன் கைகளுக்கு இடையே இருக்கும்போது மட்டுமே சரி. க, ட இரண்டும் சம என்ற கோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் 25° ஐயும் 35° ஐயும் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும்; ∠கசட = 10°, ∠கமட = 20° என்று விடை முற்றிலும் மாறிவிடும். அடிப்படைத் தேற்றத்தின் நிறுவலும் இதே ஆரத்தை வரைந்து, இதே இரண்டு நிலைகளைப் பிரித்துத்தான் நடக்கிறது. கி.மு. 300 ஐ ஒட்டி யூக்ளிட் தொகுத்த நூலின் மூன்றாம் புத்தகத்தில் 20 ஆவது கூற்றாக இது வருகிறது. அதே புத்தகத்தின் 22 ஆவது கூற்றான வட்ட நாற்கரப் பண்பை நிறுவும்போது அவர் மையத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே துண்டிலுள்ள கோணங்கள் சமம் என்பதையும் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதலையும் கொண்டே முடித்துவிடுகிறார். வழியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

மைய வழியில் மதிப்பெண் இழக்கச் செய்யும் இடம் பின்வளைகோணம். ∠கமச = 130° என்று கொடுத்து, ட என்ற புள்ளி சிறிய வில்லின் மீது உள்ளது, ∠கடச காண்க என்றால், பாதியாக்கி 65° என்று எழுதுபவர்கள் ஏராளம். சிறிய வில்லின் மீது நிற்கும் புள்ளி பெரிய வில்லைத்தான் எதிர்நோக்குகிறது. அதன் மையக்கோணம் 230°, எனவே விடை 115°. வில் வழியில் இந்தத் தவறு நேர்வது குறைவு, ஏனெனில் கோணத்தின் இரண்டு கைகளுக்கும் நடுவே எந்த வில் அகப்படுகிறது என்பதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அங்கு எண்ணை எழுதுகிறோம். மைய வழியைத் தெரிந்தெடுத்தாலும் இந்த விரல் பழக்கத்தைக் கைவிடாதிருப்பது நல்லது.

தொடுகோடு வரும்போது போட்டி நெருக்கமாகிறது. ப என்ற வெளிப்புள்ளியிலிருந்து வரைந்த தொடுகோடுகள் வட்டத்தை க, ச என்ற புள்ளிகளில் தொடுகின்றன; ∠கபச = 50°; ட பெரிய வில்லின் மீதுள்ள புள்ளி; ∠கடச என்ன? மையத்தை இணைத்தால் பகமச என்ற நாற்கரத்தில் இரண்டு செங்கோணங்கள் கிடைக்கின்றன, எனவே ∠கமச = 130°, விடை 65°. மையம் வேண்டாம் என்றால், பக = பச என்பதால் ∠பகச = 65°; மாற்று வட்டத்துண்டு தேற்றத்தின்படி தொடுகோட்டிற்கும் நாணிற்கும் இடைப்பட்ட அந்தக் கோணமே ∠கடச. இரண்டும் இரண்டே அடிகள். இங்கே நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனெனில் புதிதாக ஒரு கோடும் வரைய வேண்டியதில்லை. ஆனால் "மாற்று" என்ற சொல் எந்தத் துண்டைக் குறிக்கிறது என்பதில் ஐயம் உள்ளவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

இதே இரண்டு தெரிவுகளும் வரைகணிதத்தில் எதிர்ப்படும்போது தீர்ப்பு தெளிவாகவே ஒரு பக்கம் சாய்கிறது. அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து, கூடவே நடுக்கோடோ குத்துயரமோ கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் பயிற்சி தமிழகத்தின் பத்தாம் வகுப்பில் உண்டு. அடிப்பக்கம் கச 5 செ.மீ., உச்சிக்கோணம் 40° என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் முறையில், க என்ற முனையில் அடிப்பக்கத்திற்குக் கீழே 40° கோணத்தில் ஒரு கதிர் வரைந்து, அந்தக் கதிருக்கு க வில் செங்குத்து எழுப்பி, அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டை அது வெட்டுமிடத்தை வட்டமையமாகக் கொள்கிறோம். கீழே வரைந்த கதிர் வட்டத்தின் தொடுகோடு என்பதும், மாற்று வட்டத்துண்டு தேற்றம்தான் இதன் உயிர் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. மனப்பாடமாக வரைந்துவிட்டுப் போகிறார்கள்.

மையக்கோணம் 80°, எனவே மகச என்ற இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் 50° என்று கணக்கிட்டு, இரு முனைகளிலும் மேற்புறமாக 50° வரைந்து அவை சந்திக்குமிடத்தை மையமாகக் கொள்வது மாற்று வழி. செங்குத்தும் வேண்டாம், மையக்குத்துக்கோடும் வேண்டாம், பார்ப்பதற்கு எளிது. ஆனால் உச்சிக்கோணம் 120° ஆகிவிட்டால், வட்டமையம் அடிப்பக்கத்திற்குக் கீழே போய்விடும் என்பதை உணர்ந்து 30° ஐ மறுபுறம் வரைய வேண்டும். பாடநூல் முறையிலோ 120° கதிருக்குச் செங்குத்து வரைந்தவுடன் அதுவே கீழ்நோக்கிச் சென்று சரியான இடத்தில் வெட்டும். வரைபவர் எதையும் சிந்திக்க வேண்டியதில்லை. தேர்வறையின் படபடப்பில் சிந்தனை தேவைப்படாத முறையே மேல் என்பதால், இங்கே தொடுகோட்டு வழிக்கே என் வாக்கு.

நீளங்கள் கொடுக்கப்பட்ட கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தெரிவுக்கு இடமே இல்லை. நாணின் நீளம் என்பது விட்டத்தையும் பரிதிக்கோணத்தின் சைன் மதிப்பையும் பெருக்கக் கிடைப்பது. ஆரம் 6 செ.மீ., நாண் 6 செ.மீ. எனில் சைன் மதிப்பு அரை, ஆகவே பரிதிக்கோணம் 30° அல்லது 150°. புள்ளி எந்த வில்லின் மீது நிற்கிறது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வட்டமே வரையப்படாத படங்களில்கூட இந்தத் தெரிவு எழுகிறது. கசட என்ற குறுங்கோண முக்கோணத்தில் ச விலிருந்து கட வுக்கு வரைந்த குத்துக்கோட்டின் அடி த. ட விலிருந்து கச வுக்கு வரைந்த குத்துக்கோட்டின் அடி ப. ∠கடச = 70° எனில் ∠கபத என்ன? வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு கொசைன் மதிப்புகளின் விகிதம் எழுதி இதைச் செய்யலாம், அரைப்பக்கம் ஆகும். ப விலும் த விலும் செங்கோணங்கள் சட என்ற ஒரே கோட்டை எதிர்நோக்கி நிற்பதைக் கவனித்தால், சட வை விட்டமாகக் கொண்ட வட்டம் அவ்விரண்டு புள்ளிகள் வழியாகவும் செல்லும் என்பது புலப்படும். ச, ப, த, ட ஒரு வட்ட நாற்கரம். அதன் வெளிக்கோணமாகிய ∠கபத உள்ளெதிர்க்கோணத்திற்குச் சமம், 70°.

அதே படத்தில் மறைந்திருப்பது ஒரு வட்டம் மட்டும் அன்று. குத்துக்கோடுகள் உ என்ற புள்ளியில் வெட்டிக்கொண்டால், ப விலும் த விலும் உள்ள செங்கோணங்களால் க, ப, உ, த நான்கும் கஉ வை விட்டமாகக் கொண்ட இன்னொரு வட்டத்தின் மீது அமைகின்றன. ∠உபத வைக் கேட்டால் எந்த வட்டத்தை எடுப்பது? முதல் வட்டத்தை எடுத்தால் அது ∠தசட வுக்குச் சமம்; சதட செங்கோண முக்கோணம் என்பதால் 90° − 70° = 20°, உடனே விடை. இரண்டாம் வட்டத்தை எடுத்தால் அது ∠உகத வுக்குச் சமம் என்று கிடைக்கும். அதன் அளவு நமக்கு இன்னும் தெரியாது, ஆகவே கோணத்தைக் காண முதல் வட்டமே ஏற்றது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ∠உகத = 20° என்று வருகிறது, அதாவது கஉ என்ற கோட்டை நீட்டினால் ட வில் உள்ள 70° உடன் சேர்ந்து அது சட வைச் செங்குத்தாகவே சந்திக்கும். 70° க்குப் பதிலாக எந்தக் குறுங்கோணத்தை வைத்தாலும் இதுவே நடக்கும் என்பதால், முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்பதற்கு, கேட்காமலே ஒரு நிறுவல் கையில் வந்து நிற்கிறது.